கணக்கருக்கு ஒரு மடிவிரிப்பு

ஜனவரி 11

அன்பு நாத்தனார் ஊசிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மகளும் மாப்பிள்ளையும் வந்து போனார்களா?

ஒரு உதவி கேட்டுத்தான் எழுதுகிறேன். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நீ ஓனர் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பின்னால் மெஷின்கள் ஓட, "ஆங்? ஆங்?" என்பாய். பாதி விஷயம் நூலோடு நூலாகப் போய்விடும்.

நான் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் ஒருவர் இருக்கிறார். வயது அறுபதைக்கூடத் தொடவில்லை. மறதி நோய். ஏதோ ஒரு கம்பெனியில் கணக்கு எழுதியவராம். கணக்கர் என்றுதான் சொல்வோம். அவர் கை சும்மா இருப்பதே இல்லை. போர்வை ஓரத்தை நூல் நூலாகப் பிரிக்கிறார். சட்டைப் பொத்தானைத் திருகித் திருகிப் பிடுங்குகிறார். கையைப் பிடித்தால் கோபம் வருகிறது. விட்டால் விரல் நுனி புண்ணாகிறது. டாக்டரம்மா ஒரு யோசனை சொன்னார்: "விதவிதமான துணி, ஜிப்பு, பட்டன், நாடா எல்லாம் வெச்சு, மடியில விரிக்கிற அளவுக்கு ஒண்ணு தைச்சுக் குடுங்க. கைக்கு வேலை கிடைச்சா மனசு கொஞ்சம் அடங்கும்."

என் தையல் உனக்குத் தெரியும். கிழிந்ததை ஒட்டுவதோடு சரி. கார் சீட்டுக்கும் பஸ் சீட்டுக்கும் உறை தைக்கிற உன் ஒர்க்‌ஷாப்பில் வெட்டி மிஞ்சின துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்குமே. முடியுமா?

உன் அண்ணன் நலம். வெளியே போயிருப்பதால், கடிதத்தின் அடியில் அவர் எழுதுகிற இரண்டு வரி இந்த முறை இல்லை.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். முழங்கால் தன் பாட்டுக்குக் கத்துகிறது, நான் என் பாட்டுக்கு மெஷினை மிதிக்கிறேன். இருவரும் சமாதானமாகத்தான் இருக்கிறோம்.

முடியுமா என்று கேட்கலாமா? வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிடுவாயா என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் அளவு எடுக்காமல் நான் எதையும் தைத்ததில்லை. இந்த மனிதருக்கு எப்படி அளவெடுப்பது? அதனால் சில கேள்விகள். அவர் இடது கைக்காரரா, வலது கைக்காரரா? துணியை இழுக்கிறாரா, தேய்க்கிறாரா, சுருட்டுகிறாரா? பொத்தானை மேலிருந்து பிடுங்குகிறாரா, கீழிருந்தா? பிடுங்கினதை என்ன செய்கிறார்? வாயில் போடுகிற பழக்கம் உண்டா? கேள்வியாலேயே குத்துகிறேன் என்றுதானே அண்ணன் எனக்கு ஊசி என்று பேர் வைத்தார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பார்சலில் ஒரு பட்டை வருகிறது. வெறும் ஒத்திகைதான். வெல்வெட், ரெக்சின், கோடு கோடாக இருக்கிற முரட்டுத் துணி, சீட்டு முதுகில் வைக்கிற வலை, ஒரு ஜிப், டிரைவர்கள் உட்காருகிற மணி விரிப்பில் மிஞ்சின மரமணி ஒரு வரிசை, கடைசியில் தொங்கல் நாடாக்கள். கணக்கர் ஆயிற்றே, மணியைத்தான் விடாமல் எண்ணுவார் என்று பந்தயம் கட்டுகிறேன். எங்கள் கட்டிங் மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "சீட்டுக்கே நீ இவ்வளவு யோசிச்சதில்லையேம்மா" என்றார்.

அண்ணனுக்கு என்ன, இரண்டு வரி எழுதக்கூட நேரமில்லையா? பெரிய கான்ட்ராக்டா?

அன்புடன்,
ஊசி


பிப்ரவரி 15

அன்பு ஊசிக்கு,

நலம், நலமறிய ஆவல். பட்டை வந்தது.

பந்தயத்தில் நீ தோற்றாய். மணி வரிசையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெல்வெட்டை ஒரு தடவை தடவி, ஈரம் பட்ட மாதிரி கையை உதறினார். ரெக்சினைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஜிப்பை ஒரு முறை திறந்தார், உள்ளே ஒன்றும் இல்லை என்றதும் மூடிவிட்டார். இரண்டாம் முறை தொடவில்லை. ஏமாந்தது போல இருந்தது.

ஆனால் அந்த நாடாக்கள்! அதில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. முறுக்குகிறார், பிரிக்கிறார், மறுபடி முறுக்குகிறார். போர்வைப் பக்கம் கை போகவில்லை. வலது கைக்காரர். எதையும் வாயில் போடுவதில்லை. பிடுங்கின பொத்தான்களைச் சட்டைப் பையில் போட்டு, பையைத் தட்டிப் பார்த்துக்கொள்கிறார்.

அன்று மத்தியானம் நான் நிம்மதியாகத் துணி உலர்த்தினேன். அதற்கே உனக்குக் கோயில் கட்டலாம்.

அண்ணன் நலம்.

அண்ணி


பிப்ரவரி 28

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். ஒரு சந்தோஷச் சேதி: உங்கள் மருமகள், அதான் என் மகள், முழுகாமல் இருக்கிறாள். மாமாவிடம் அவளே சொல்ல நினைத்துப் போன் செய்தாளாம், நீங்கள்தான் எடுத்தீர்களாம், அண்ணன் தூங்குகிறார் என்றீர்களாம். மாமா கையெழுத்தில் இரண்டு வரி வாழ்த்து வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். வாங்கி அனுப்புங்கள்.

இனி கணக்கர். மனிதர் என் மண்டையைக் குடைகிறார். கணக்கு எழுதினவருக்கு மணி பிடிக்கவில்லை, நாடா பிடிக்கிறது. ஜிப்பைத் திறந்ததும் உள்ளே எதையோ தேடுகிறார். எதை? எனக்கு அந்தக் கை என்ன வேலை பார்த்தது என்று தெரிந்தாக வேண்டும். அதுவரை சோறு இறங்காது.

முழு மடிவிரிப்பு தைத்து அனுப்புகிறேன். அடியில் கனமான கேன்வாஸ், மடியிலிருந்து வழுக்காது. ஜிப் போட்ட பையை இந்த முறை காலியாக விடவில்லை. உள்ளே ஃபோம் துண்டு, அதற்கடியில் இன்னொரு பை, அதற்குள் ஒரு தோல் துண்டு. தேடுகிறவருக்கு ஏதாவது கிடைக்க வேண்டாமா? ஓரத்தில் பெல்ட் பக்கிள். பிரஸ் பட்டன்களை சீட்டுத் தைக்கிற நூலால் தைத்திருக்கிறேன், யானை இழுத்தாலும் வராது. நாடாவில் தடியும் மெல்லிசுமாகப் பல வகை.

பழைய பட்டையைத் திருப்பி அனுப்புங்கள். அவர் முறுக்கினதைப் பிரிக்காமல், அப்படியே. என் கண்ணால் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ஊசி


மார்ச் 27

அன்பு ஊசிக்கு,

நலம். பதில் தாமதம், கோபிக்காதே.

மடிவிரிப்பு அவர் மடியிலேயே குடியிருக்கிறது. முதல் நாள் அதை முகர்ந்து பார்த்தார். "புது வண்டி" என்றார். பல நாளைக்கப்புறம் அவர் வாயிலிருந்து இடத்துக்குப் பொருத்தமாக வந்த வார்த்தை. அந்தச் சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. பைக்குள் பையைக் கண்டுபிடித்தபோது, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார், 'நான் சொன்னேன் பார்த்தியா' என்கிற மாதிரி. விரல் புண் ஆறிவிட்டது. விரிப்பில் இருக்கிற அடர்நீலத் துணியை மட்டும் விடாமல் நகத்தால் சுரண்டுகிறார், ஏன் என்று தெரியவில்லை.

பட்டையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

மருமகள் சேதியைச் சொன்னேன். அண்ணன் சந்தோஷப்பட்டார். அவளை வெயிலில் அலைய விடாதே.

அண்ணி


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் நலமா? இந்தத் தடவை வழக்கத்துக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டிக் கேட்கிறேன்.

பட்டையைச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். ஒவ்வொரு நாடாவும் பக்கத்து நாடாவோடு இறுக்கமாக முறுக்கப்பட்டு, முனை மடிக்கப்பட்டு, தட்டையாக அழுத்தி விடப்பட்டிருந்தது. கணக்கு எழுதினவர் கை இப்படிச் செய்யாது. இது கம்பி முறுக்குகிற கை. வயர்மேன்.

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு லைன் பார்க்க வருகிற வயர்மேனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நம்ம ஆளுதான்" என்று சிரித்தார். "முறுக்கு வலது கை முறுக்குதான். ஆனா இந்த முனைய ஏன் தப்புப் பக்கமா மடிச்சிருக்காரு? வலது கைக்காரன் இப்படி மடிக்க மாட்டானே."

எனக்குத் தெரிந்து ஒருவர் மடிப்பார். சின்ன வயதில் கரண்ட் அடித்து வலது கட்டைவிரல் நுனி மரத்துப் போனவர். வலது கையால் முறுக்கி, இடது கட்டைவிரலால் மடித்து அழுத்துவார். பள்ளிக்கூடம் போகும்போது என் ரிப்பன் முனையைக்கூட அப்படித்தான் மடித்துவிடுவார்.

அண்ணி, உங்கள் கணக்கர் யார்?

அண்ணன் கையால் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். திட்டி எழுதினாலும் பரவாயில்லை.

ஊசி


மே 6

அண்ணிக்கு,

தபால்காரர் என்னைப் பார்த்தாலே சைக்கிளைத் திருப்பிக்கொள்கிறார். உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. பதில் எழுதாததும் ஒரு பதில்தான் என்று தெரியாதவள் இல்லை நான்.

கோபம் வந்தது. மெஷினில் ஒரு பஸ் சீட்டு உறையைத் தலைகீழாகத் தைத்து, மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு கோபம் போய், ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. என் மகள் கல்யாணத்தில் மண்டபத்து ஸ்விட்ச் போர்டுக்கு முன்னால் அண்ணன் வெகுநேரம் நின்றாரே. "கல்யாணத்துக்கு வந்தும் வேலையா?" என்று நான் கிண்டல் செய்தேன். அவர் சிரித்தார். நீங்கள் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனீர்கள். இந்த வயதில் கைகோத்துப் போகிறார்கள் பார் என்று நாங்கள் எல்லாரும் கேலி செய்தோம். நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்களே, அண்ணி. எப்படிச் சிரித்தீர்கள்?

நான் சண்டைக்கு வரவில்லை. அவர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் எழுதுங்கள். 'நலம்' என்று எழுதாதீர்கள்.

ஊசி


மே 21

என் ஊசிக்கு,

இல்லத்தில் கணக்கர் என்று யாரும் இல்லை. நான் வேலை பார்ப்பது நிஜம், டாக்டரம்மா நிஜம். மடிவிரிப்பு நம் வீட்டு ஜன்னலோரத்து நாற்காலியில் இருக்கிறது. நான் வேலைக்குப் போகிற நேரம் மேல்வீட்டு அம்மா அவரைப் பார்த்துக்கொள்கிறார்.

உன் மகள் கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் தொடங்கியது. ஒரு புது வீட்டில் வயரிங் செய்துகொண்டிருந்தவர், பாதியில் பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். என்ன என்று கேட்டேன். "பெட்டியத் தொறந்தா எல்லா வயரும் ஒண்ணு மாதிரியே இருக்குடி" என்றார். சிவப்பு, கறுப்பு, பச்சை எல்லாம் தெரிகிறது, எது எதற்கு என்று தெரியவில்லை. மறுநாள் தானாகவே கரண்ட் வேலையை விட்டார். "தெரியாம கை வெச்சா யாராச்சும் செத்துப் போவாங்க" என்றார். அவ்வளவு தெளிவு அன்றைக்கு இருந்தது.

அந்தத் தெளிவோடுதான் என்னிடம் சத்தியம் வாங்கினார். "ஊசிகிட்ட மட்டும் சொல்லாத. அவ கேள்வி கேப்பா. எனக்குப் பதில் தெரியாது."

உன்மேல் பாசம் இல்லாமல் இல்லை, ஊசி. நீ சின்னவளாக இருந்தபோது வானத்துக்கு ஏன் தூண் இல்லை என்பது வரைக்கும் அவரிடம்தானே கேட்டாய்? உன் முன்னால் பதில் இல்லாமல் நிற்க அவருக்கு மனசு வரவில்லை. என்னால் சத்தியத்தையும் மீற முடியவில்லை, உன்னையும் விட முடியவில்லை. அதனால்தான் ஒரு கணக்கரைப் பெற்றெடுத்தேன். உன் துணி வேண்டும் என்பது ஒரு காரணம். உன் கேள்விகள் எனக்கு வேண்டியிருந்தன என்பது இன்னொன்று. அவர் எதைத் தொடுகிறார், எப்படித் தொடுகிறார் என்று நீ கேட்ட பிறகுதான் நானும் பார்க்கத் தொடங்கினேன். அதற்கு முன் அவர் எதை இழந்தார் என்பதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்தால் வா. உன்னை அடையாளம் தெரியாது. தெரிந்துகொண்டே வா.

அண்ணி


ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். ரயிலில் முழங்கால் என்னைவிட அதிகமாக அழுதது.

நீங்கள் வேலைக்குப் போயிருந்தபோது நடந்த ஒன்றை அங்கே வைத்துச் சொல்ல முடியவில்லை. சொன்னால் இருவரும் உடைந்திருப்போம். எழுதுகிறேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க யாரு?" என்றார். தையல்காரி என்று சொல்லும்படி நீங்கள் சொல்லிக் கொடுத்திருந்தீர்கள். வாய் கேட்கவில்லை. "ஊசிண்ணே" என்றேன்.

சட்டென்று எழுந்துவிட்டார். "எங்க விழுந்துச்சு? யாரும் கால வைக்காதீங்க!" என்று தரையில் மண்டியிட்டு, உள்ளங்கையால் ஓரம் ஓரமாகத் துழாவத் தொடங்கினார். நாற்காலிக்கு அடியில், கதவு இடுக்கில், எல்லா இடத்திலும். "குத்துனா உள்ள ஓடிடும்மா" என்று என் காலைப் பிடித்து நகர்த்தினார். நானும் முழங்காலைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்து அவரோடு தேடினேன். அண்ணி, இருவரும் சேர்ந்து அறை முழுக்க என்னைத் தேடினோம். கடைசியில் "கிடைச்சிடுச்சு" என்றேன். "பத்திரமா வெச்சுக்கங்க தையல்காரம்மா" என்றார்.

அதற்குப் பிறகு நான் அவரிடம் எதையும் கேட்கவில்லை. என் வாழ்நாளில் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்து தைத்தேன், அவர் முறுக்கினார். எப்போதாவது என் தையலை ஒரு பார்வை பார்ப்பார். நன்றாக இருந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது.

கேள்வியெல்லாம் கைக்குள் போய்விட்டது போல, வந்ததும் இன்னொரு மடிவிரிப்பு தைத்தேன். அவர் அடர்நீலத் துணியைச் சுரண்டுவது தோலுரிக்கத்தான் என்று தோன்றுகிறது. வயருக்கு உறை உரிப்பது போல. அதனால் நாடாக்களுக்கு வெல்க்ரோ போட்டு மேலுறை தைத்திருக்கிறேன். பிடித்து இழுத்தால் பர்ரென்று உரியும். துணி முழுக்க இரும்பு வளையம் அடித்திருக்கிறேன். நாடா எதையும் சேர்த்துத் தைக்கவில்லை. தனியாக ஒரு பையில் போட்டிருக்கிறேன். எது எங்கே போகவேண்டும் என்று அவரே முடிவு செய்யட்டும். ஒரு மூலையில் பெரிய பிரஸ் பட்டன், டப்பென்று சத்தம் வரும்.

என்ன செய்கிறார் என்று எழுதுங்கள். ஒன்றும் செய்யாவிட்டாலும் எழுதுங்கள். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ஊசி


செப்டம்பர் 4

அன்பு ஊசிக்கு,

நலம் என்று எழுத இப்போது பயமில்லை. சில நாள் நலம், சில நாள் இல்லை. மாறி மாறி வருகிறது. நேற்று என்னை 'மேஸ்திரி' என்று கூப்பிட்டார். போன வாரம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். உன் துணி நோயை விரட்டிவிட்டது என்று யாரிடமும் சொல்லிவிடாதே.

ஆனால் இதைக் கேள். முதலில் புது விரிப்பை அவர் தொடவே இல்லை. பையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். உன் வேலை இந்தத் தடவை பலிக்கவில்லை என்று எழுத இருந்தேன். பிறகு ஒரு நாள் காலை நான் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன், பர்ர் என்று சத்தம். திரும்பினால், உறையை உரித்து உரித்து நாடாக்களை வளையத்துக்குள் விடுகிறார். ஒரு வளையத்தில் நுழைத்து, அடியில் ஓடவிட்டு, அடுத்ததில் எடுத்து, அங்கே முறுக்கி, மடித்து அழுத்துகிறார். தப்பென்று பட்டதைப் பிரித்து மறுபடி செய்கிறார். அன்று முழுக்க அந்த வேலைதான். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "லைன்ல இருக்கேன்" என்றார்.

வெளிச்சம் குறைகிற நேரம் என்னைக் கூப்பிட்டார். விரிப்பைக் கையில் கொடுத்து, "மேஸ்திரி, ஸ்விட்ச்சப் போடுங்க" என்றார்.

விரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு அந்தப் பெரிய பட்டனை அழுத்தினேன். டப்.

அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"எரியுதா?" என்றார்.

இத்தனை நாள் அவர் என்ன சொன்னாலும் திருத்திக்கொண்டிருந்தவள் நான். இது காலை இல்லைங்க, சாயங்காலம். அது உங்க அம்மா இல்லைங்க, மேல்வீட்டு அம்மா. அன்றைக்குத் திருத்தவில்லை.

"எரியுதுங்க" என்றேன். "நல்லா எரியுது."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

அண்ணி


செப்டம்பர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

பேத்தி பிறந்திருக்கிறாள். தாயும் சேயும் நலம். கையை விரித்து விரித்து எதையோ தேடுகிறாள். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தால்தான் ஆச்சு. யார் ஜாடை என்று வீட்டில் பட்டிமன்றம் நடக்கிறது.

உங்கள் கடிதத்தை மாஸ்டருக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து போய், நல்ல சீட்டுத் துணியிலேயே ஒரு முழம் வெட்டிக் கொண்டுவந்து வைத்தார்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. அண்ணனிடம்தான் கேட்பதை விட்டேன், உங்களிடம் கேட்கமாட்டேன் என்று சொல்லவில்லையே. அவர் போட்ட அந்த லைட்டு எந்த அறையில் எரிந்தது?

பதில் வராவிட்டாலும் சரி. சும்மா, தெரிந்துகொள்ளத்தான்.

ஊசி


அக்டோபர் 3

என் ஊசிக்கு,

பேத்திக்கு எங்கள் இருவர் ஆசீர்வாதமும். குழந்தை படத்தை அவர் கையில் கொடுத்தேன். "குட்டி" என்றார். அவ்வளவுதான், ஆனால் கீழே வைக்கவில்லை.

உன் கேள்வியைக் கேட்கிற தைரியம் எனக்கு ஒரு வாரமாக வரவில்லை. கேட்டு, அவர் தடுமாறி, முகம் வாடிவிட்டால் என்ன செய்வது? இன்று காலை அவரே எல்லா நாடாவையும் பிரித்துப்போட்டு, புதிதாக லைன் இழுத்துக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. நானும் ஒரு கூலியாள் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து, நாடா எடுத்துக் கொடுத்தபடி, வேறு யாருக்காகவோ விசாரிக்கிற மாதிரி கேட்டேன். "எந்த ரூமுக்குங்க இந்த லைட்டு?"

கை நிற்கவில்லை. முனையை மடித்து, இடது கட்டைவிரலால் அழுத்திவிட்டு, என்னைப் பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"தையல்காரம்மா ரூமுக்கு" என்றார். "அது பாட்டுக்கு இருட்டுல உக்காந்து தைக்குது. கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

உன் கண் எப்படி இருக்கிறது, ஊசி? அவர் விசாரித்தார் என்றே வைத்துக்கொண்டு பதில் எழுது.

அண்ணி